அஃபிலியேட் தளம்: கமிஷன் அறிவிப்பை எங்கே வைப்பது, லிங்குகளை எந்தக் கருவியில் பராமரிப்பது?

ஒலிவாங்கி:

வணக்கம். மைக், ஹெட்போன், ஆடியோ இன்டர்ஃபேஸ் ஆகியவற்றை மதிப்பிட்டு எழுதும் எங்கள் தமிழ்த் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. 140 கட்டுரைகள், அவற்றுக்குள் சுமார் 600 அஃபிலியேட் லிங்குகள், அதாவது வாசகர் அவற்றின் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் தரும் லிங்குகள். அமேசான் அசோசியேட்ஸ், அவின், இம்பாக்ட் என்ற மூன்று கமிஷன் நெட்வொர்க்குகளின் லிங்குகளும் கலந்து கிடக்கின்றன. வாசகர்கள் இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் என்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஃபுட்டரில் "கொள்கைகள்" என்று ஒரு லிங்க் இருக்கிறது. அதைத் தட்டினால் வரும் பக்கத்தில்தான் கமிஷன் பற்றிய தகவல் உள்ளது. இது போதுமா? போதாதென்றால் எங்கே, எந்த வார்த்தைகளில் வைக்க வேண்டும்? தளத்தோடு சேர்ந்த யூடியூப் சேனலுக்கு என்ன விதி?

இன்னொன்று: 600 லிங்குகளும் கட்டுரைக்குள் நேரடியாக ஒட்டப்பட்டவை. செத்துப்போன லிங்கைக் கண்டுபிடிக்கவும், எந்தக் கட்டுரையிலிருந்து விற்பனை வருகிறது என்று பார்க்கவும் எந்தக் கருவிகள் சரியாக இருக்கும்?

அடிக்குறிப்பு:

போதாது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது எஃப்டிசி, இதைப் பூசிமெழுகாமல் சொல்லியிருக்கிறது. "எங்களைப் பற்றி" பக்கத்திலோ, விதிமுறைப் பக்கத்திலோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத லிங்குக்குப் பின்னாலோ கிடக்கும் அறிவிப்பை அவர்கள் ஏற்பதில்லை. பரிந்துரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவர்களுடைய வழிகாட்டுதல்கள் 1980இல் வந்தவை, 2009இல் வலைப்பதிவுகளையும் கணக்கில் எடுத்துத் திருத்தப்பட்டன, கடைசியாக 2023 ஜூலையில் புதிய திருத்தம் நடப்புக்கு வந்தது. அந்தத் திருத்தத்தின்படி அறிவிப்பு வாசகர் கண்ணிலிருந்து எளிதில் தப்பக் கூடாது, சாதாரண ஆளுக்குப் புரிய வேண்டும், இணையத்தில் என்றால் பார்க்காமல் தாண்டிப் போகவும் முடியக் கூடாது.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதினாலும், அமெரிக்க நுகர்வோர் படிப்பார்கள் என்று எதிர்பார்க்க இடமிருந்தால் அங்கத்திய சட்டம் பொருந்தும் என்பது எஃப்டிசியின் நிலை. இந்தியாவில் ஏஎஸ்சிஐ எனப்படும் விளம்பரத் தர மன்றத்தின் இன்ஃப்ளூயன்சர் விதிகள் 2021 ஜூன் 14 முதல் அமலில் உள்ளன. அதற்கு மேல் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால், பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஸ்ஏ வேறொரு கோணத்தில் பார்க்கிறது. கட்டுரை முழுவதுமே அஃபிலியேட் பொருள்களைப் பற்றியது என்றால், வாசகர் உள்ளே நுழையும்போதே அது விளம்பரம் என்று தெரிய வேண்டும். ஒன்றிரண்டு லிங்க் மட்டும்தான் என்றால் அந்த லிங்குகளுக்குப் பக்கத்தில் குறி இருந்தால் போதும். நாட்டுக்கு ஒரு பதிப்பு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, மூன்றையும் நிறைவு செய்யும் ஒரே அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிவிப்பு தலைப்புக்குக் கீழே, முதல் லிங்குக்கு மேலே வரட்டும். சைடுபாரில் வைக்காதீர்கள். கணினியில் அது கட்டுரைக்குப் பக்கத்தில் அழகாக நிற்கும், ஆனால் பெரும்பாலான தீம்களில் போனில் பார்க்கும்போது சைடுபார் முழுவதும் கட்டுரைக்குக் கீழே போய்விடும். அதாவது எல்லா லிங்கையும் தாண்டிய பிறகுதான் அறிவிப்பே வரும்.

மேலே ஒன்று வைத்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் தேடலில் மேலே எடுத்துக்காட்டப்படும் விடையைத் தட்டினால், பல நேரம் பக்கம் அந்த வாக்கியத்துக்கே உருண்டு போய் நிற்கிறது. உங்கள் கட்டுரையின் உள்ளடக்கப் பட்டியலும் "எங்கள் தேர்வுக்குப் போ" பட்டனும் செய்வது அதே வேலைதான். இப்படி நடுவில் இறங்கும் வாசகர் மேலேயுள்ள வரியைப் பார்ப்பதே இல்லை. ஆகவே ஒவ்வொரு ஒப்பீட்டு அட்டவணைக்கு மேலேயும், ஒவ்வொரு "விலை பார்" பட்டனை ஒட்டியும் "கமிஷன் உள்ள லிங்க்" என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்க வேண்டும்.

வார்த்தைகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், தமிழ்த் தளங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். "இதில் அஃபிலியேட் லிங்குகள் உள்ளன" என்று எழுதினால் போதாது. அந்தச் சொல்லைப் பார்த்து, லிங்க் போட்டவருக்குக் காசு வருகிறது என்று வாசகர் புரிந்துகொள்ளாமல் போகலாம் என்று ஆங்கில வாசகர்களை வைத்தே எஃப்டிசி சொல்கிறது. தமிழில் அது இன்னும் அந்நியமான சொல். "தளத்தை ஆதரிக்க இங்கே வாங்குங்கள்" என்பதும் உதவாது, ஆதரவு என்றால் நன்கொடையா, கமிஷனா என்று தெரியாது. "கமிஷன் கிடைக்கலாம்" என்று இழுப்பதையும் விட்டுவிடுங்கள். கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை அப்படியே சொல்லலாம்:

"இந்தக் கட்டுரையில் உள்ள லிங்குகள் வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்."

ஒரே வாக்கியம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். நிறுவனம் மைக்கை இலவசமாகக் கொடுத்திருந்தால் அது தனித் தொடர்பு, தனியாகச் சொல்ல வேண்டும்: "இந்த மைக்கை நிறுவனம் இலவசமாக அனுப்பியது." திருப்பிக் கொடுக்க வேண்டிய இரவல் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். "உங்களுக்குக் கூடுதல் செலவில்லை" என்ற வரியை எல்லா நெட்வொர்க்குக்கும் அது உண்மை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு மட்டும் சேருங்கள்.

கட்டுரை தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தளத்திலிருந்து வெட்டி ஒட்டிய ஆங்கிலப் பத்தி மட்டும் இருந்தால், தமிழ் மட்டுமே படிப்பவருக்கு எதுவுமே சொல்லாத மாதிரிதான்.

எழுத்தளவு கட்டுரையின் எழுத்தளவேதான். வெளிர் சாம்பலில் போடாதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம் 4.5க்கு 1 என்ற அணுகல்தன்மை அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். அறிவிப்பைப் படமாகவும் போடக் கூடாது, மெதுவான இணைப்பில் படம் வருவதற்குள் பட்டனைத் தட்டிவிடுவார்கள்.

முடிச்சு:

லிங்க் விஷயத்தை நான் சொல்றேன். முதல்ல டேட்டாபேஸ் பேக்கப் எடுத்துடுங்க. அது இல்லாம ஒரு லிங்கைக்கூட மாத்தாதீங்க.

அடுத்து, எந்த லிங்க் எங்கே இருக்குன்னு பட்டியல் வேணும். தளத்தை முழுசா உலவி லிங்கைப் பட்டியல் போடற ஸ்கிரீமிங் ஃப்ராக்கோட இலவசப் பதிப்பே போதும், ஆனா அது 500 முகவரியோட நின்னுடும். படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பெல்லாம் அந்தக் கணக்குல சேரும், அதனால ஓட்டறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல அதையெல்லாம் அணைச்சுடுங்க. ஓட்டி முடிச்சதும் வெளிச்செல்லும் லிங்குகளை மொத்தமா ஏற்றுமதி பண்ணி, ஸ்ப்ரெட்ஷீட்ல இலக்கு முகவரி வாரியா அடுக்குங்க. 600 லிங்க்னு தெரியறது அநேகமா 150, 200 பொருளாச் சுருங்கும். ஒரே மைக் பத்து கட்டுரையில வந்திருக்கும்.

அப்புறம் பிரெட்டி லிங்க்ஸ் இல்லேன்னா தர்ஸ்டி அஃபிலியேட்ஸ், ரெண்டுல ஒரு பிளகின். ஒவ்வொரு பொருளுக்கும் உங்க டொமைன்லயே "கோ" மாதிரி ஒரு ஃபோல்டர் பேருக்குக் கீழ ஒரு குட்டி முகவரி. அதைத் தட்டினா பிளகின் வாசகரைக் கடைப் பக்கத்துக்குத் திருப்பி விடும், அதுதான் ரீடைரக்ட். நாளைக்கு அந்தக் கடை புரோகிராமை மூடினாலும் ஒரே இடத்துல மாத்தினாப் போதும், பத்து கட்டுரையும் சரியாயிடும்.

ரீடைரக்ட் வகையைத் தற்காலிகம்னு சொல்ற 302 இல்லேன்னா 307ன்னு வைங்க. 301 வேண்டாம். அது "நிரந்தரமா மாறிடுச்சு"ன்னு பிரவுசருக்குச் சொல்ற குறி, பிரவுசர் அதை நினைவுல வைச்சுக்கும். அப்புறம் நீங்க இலக்கை மாத்தினாலும் பழைய வாசகர் பழைய இடத்துக்கே போயிட்டிருப்பார். லிங்கோட எச்டிஎம்எல்ல வர்ற ரெல் பண்புல ஸ்பான்சர்ட் மதிப்பு கண்டிப்பா வேணும். 2019 செப்டம்பர்ல கூகுள் கொண்டு வந்தது, பணம் சம்பந்தப்பட்ட லிங்குக்குன்னே. பழைய லிங்குல நோஃபாலோங்கற பழைய மதிப்பு இருந்தா அதையும் கூகுள் ஏத்துக்கும், அதுக்காக மாத்திட்டு உட்கார வேண்டாம். ஆனா ஒண்ணு: இந்தப் பண்பு தேடுபொறிக்கு மட்டும். வாசகர் கண்ணுக்குத் தெரியாது, மேல அடிக்குறிப்பு சொன்ன அறிவிப்புக்கு இது மாற்று ஆகாது.

பழைய முகவரியைப் புதுசுக்கு மாத்த பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் பிளகின். முதல்ல ஒத்திகை ஓட்டம் மட்டும் ஓட்டி எத்தனை இடம் மாறும்னு பாருங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல 10ன்னு இருந்து ஒத்திகையில 0 வந்தா காரணம் பெரும்பாலும் ஆம்பர்சாண்ட் குறிதான். முகவரியில அந்த ஒத்தைக் குறியா நீங்க பார்க்கறது, டேட்டாபேஸ்ல எச்டிஎம்எல் வடிவத்துல, பின்னாடி ஏ-எம்-பி எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்து இருக்கும். அந்த வடிவத்தையும் ஒரு தடவை தேடணும். ரெண்டு வடிவத்தையும் மாத்தினாத்தான் கணக்கு நேராகும்.

வரிசைஎண்:

முடிச்சு சொன்னதெல்லாம் அவினுக்கும் இம்பாக்டுக்கும் பொருந்தும். அமேசான் லிங்குகளை மட்டும் அந்த வழியில் கொண்டுபோகாதீர்கள். லிங்க் அமேசானுக்குத்தான் போகிறது என்பதை மறைக்கும் சுருக்கு முகவரியையும், கிளிக் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை மறைப்பதையும் அவர்களுடைய ஒப்பந்தம் தடுக்கிறது. நேரடி முகவரியாகவே விடுங்கள். சுருக்கியே ஆக வேண்டுமென்றால் அவர்களுடைய சைட்ஸ்டிரைப் என்ற கருவிப்பட்டை கொடுக்கும் சுருக்கு முகவரி இருக்கிறது.

அமேசானுக்கென்று தனி அறிவிப்பு வாக்கியமும் உண்டு: அமேசான் அசோசியேட் என்ற முறையில், தகுதியுள்ள கொள்முதல்களிலிருந்து நான் சம்பாதிக்கிறேன் என்ற பொருளில் அவர்களே எழுதிக் கொடுத்தது. அதை அவர்கள் வாசகத்திலேயே தளத்தில் எடுப்பாக வையுங்கள். அது அமேசானின் நிபந்தனை. மேலே சொன்ன தமிழ் அறிவிப்பு சட்டத்துக்கும் வாசகருக்கும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது.

கணக்கு மூடப்பட வழிவகுக்கும் வேறு மூன்று தவறுகள் மதிப்பீட்டுத் தளங்களில் சாதாரணமாகத் தென்படுகின்றன. கட்டுரைக்குள் விலையைக் கையால் தட்டச்சு செய்வது முதலாவது. விலை அடிக்கடி மாறும் என்பதால், அமேசானின் ஏபிஐ, அதாவது தளங்கள் அவர்களிடமிருந்து தகவலைத் தானாகப் பெறும் வழி, தரும் விலையைத்தான் காட்டலாம். அமேசானின் பொருள் படங்களை இறக்கி உங்கள் சர்வரில் ஏற்றுவது இரண்டாவது. அங்குள்ள நட்சத்திர மதிப்பையும் வாசகர் விமர்சனத்தையும் எடுத்து ஒட்டுவது மூன்றாவது. உங்கள் 140 கட்டுரைகளில் இவை இருக்கின்றனவா என்பதை லிங்க் வேலைக்கு முன்பே பாருங்கள்.

செத்த லிங்க் பற்றி: பிரோக்கன் லிங்க் செக்கர் போன்ற கருவிகள் சர்வர் தரும் குறியீட்டை மட்டுமே பார்க்கின்றன. பக்கம் இல்லை என்ற 404 வந்தால் பிடிக்கும். ஆனால் அமேசானில் விற்பனை நின்றுபோன பொருளின் பக்கம் பெரும்பாலும் திறக்கத்தான் செய்யும், "தற்போது கிடைக்கவில்லை" என்ற வரியோடு. கருவி அதைப் பக்கம் சரியாக இருக்கிறது என்ற 200 குறியீடாக வாங்கி, நல்ல லிங்க் என்று பச்சை காட்டும். தலைகீழாகவும் நடக்கும்: ரோபோ என்று சந்தேகித்து அமேசான் 503 என்ற பிழைக் குறியீட்டை அனுப்பும், நல்ல லிங்கைக் கருவி செத்தது என்று சொல்லும். ஆகவே அமேசானுக்கு அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். ஒரு பொருளுக்குக் கிளிக் தொடர்ந்து வந்து, ஆர்டர் திடீரென்று பூஜ்யமாகிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கையால் திறந்து பாருங்கள்.

அந்த அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிளிக் செய்த 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். அந்த நேரத்துக்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் மட்டும், 89 நாளுக்குள் ஆர்டர் செய்தாலும் கணக்கில் வரும்.

ஒலிவாங்கி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு கட்டுரையில் சோதனையாக அவின் லிங்குகள் 12ஐ பிரெட்டி லிங்க்ஸுக்கு மாற்றி, தலைப்புக்குக் கீழே அறிவிப்பும் வைத்தாயிற்று. இரண்டு சிக்கல்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் அந்தக் கட்டுரையின் வெளிச்செல்லும் கிளிக் பூஜ்யம் என்று காட்டுகிறது, அவின் அறிக்கையில் கிளிக் வந்திருக்கிறது. இரண்டாவது, அறிவிப்பு ஒரு பிரவுசரில் தெரிகிறது, இன்னொன்றில் அந்த இடமே காலியாக இருக்கிறது. கேஷை அழித்துப் பார்த்தும் மாறவில்லை.

முடிச்சு:

முதல் சிக்கல் எதிர்பார்த்ததுதான். அனலிட்டிக்ஸ் 4 தானா அளக்கற வெளிச்செல்லும் கிளிக், வேற டொமைனுக்குப் போற லிங்கை மட்டும்தான் எண்ணும். உங்க புது முகவரி உங்க டொமைன்லயே இருக்கு, ரீடைரக்ட் அதுக்கப்புறம் சர்வர்ல நடக்குது. அனலிட்டிக்ஸுக்கு அது உள் லிங்க்தான். கூகுள் டேக் மேனேஜர்ல ஒரு டிரிகர் போடுங்க: லிங்க் கிளிக், கிளிக் முகவரியில உங்க "கோ" ஃபோல்டர் பேர் இருந்தா மட்டும். அதை ஒரு தனி ஈவென்ட்டா அனுப்புங்க, கூடவே கிளிக் ஆன முகவரியையும். பக்க முகவரி ஈவென்ட்டோட தானா போயிடும்.

ஆனா இது கிளிக் மட்டும். விற்பனை எந்தக் கட்டுரையில இருந்துன்னு தெரியணும்னா நெட்வொர்க்கோட துணை அடையாளத்தை, அதாவது லிங்கோட நாம சேர்த்து அனுப்பி அறிக்கையில திரும்பப் பார்க்கற குறியை, பயன்படுத்தணும். அவின்ல அதுக்குப் பேர் கிளிக்ரெஃப், இம்பாக்ட்ல சப்ஐடி1. பின்னாடி சிஜே மாதிரி வேற நெட்வொர்க்குக்குப் போனீங்கன்னா அங்கே எஸ்ஐடி, ரகுட்டன்ல யு1. ஒவ்வொரு கட்டுரைக்கும் அதோட வேர்ட்பிரஸ் எண்ணையே அடையாளமா வைங்க. ஒரே குட்டி முகவரி பத்து கட்டுரையில இருக்கும்போது அடையாளம் எப்படி மாறும்னு கேட்பீங்க. பிரெட்டி லிங்க்ஸ்ல அளவுருவை, அதாவது முகவரியோட கடைசியில ஒட்டற கூடுதல் தகவலை, முன்னனுப்பற வசதி இருக்கு. அதை இயக்கிட்டு, கட்டுரைக்குள்ள இருக்கற முகவரியோட கடைசியில கேள்விக்குறி போட்டு கிளிக்ரெஃபும் கட்டுரை எண்ணும் சேருங்க. ரீடைரக்ட் அதை அப்படியே அவினுக்குக் கொண்டு போகும். வாசகரோட பேரு, இமெயில் எதையும் அந்த இடத்துல அனுப்பிடாதீங்க, அது தனியுரிமைச் சட்டத்துல மாட்டும்.

அமேசான்ல இந்த மாதிரி கட்டுரைக்கு ஒண்ணு வைக்க முடியாது. டிராக்கிங் ஐடி ஒரு கணக்குக்கு 100 வரைக்கும்தான், உங்ககிட்ட 140 கட்டுரை. அதிகம் படிக்கப்படற 40 கட்டுரைக்குத் தனித்தனியா ஒண்ணு, மீதிக்கு வகைவாரியா, மைக்குக்கு ஒண்ணு, ஹெட்போனுக்கு ஒண்ணுன்னு வைங்க.

அடிக்குறிப்பு:

காலியாகத் தெரியும் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பெட்டிக்கு வைத்த சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரில் "ஆட்" என்றோ "அஃபிலியேட்" என்றோ "ஸ்பான்சர்" என்றோ இருந்தால், தடுப்பான் பெயரைப் பார்த்தே அதை விளம்பரம் என்று மறைத்துவிடக்கூடும். லிங்குகள் மட்டும் அப்படியே நிற்கும். அறிவிப்பு மறைந்து லிங்க் நிற்பது நமக்கு வேண்டியதற்கு நேரெதிர். கிளாஸ் பெயரைக் "கட்டுரைக் குறிப்பு" என்பது போன்ற சாதாரணப் பெயராக மாற்றிவிட்டு, தடுப்பான் இயங்கும்போதே மறுபடி திறந்து பாருங்கள். ரீடர் முறையிலும் ஒரு தடவை. தீமின் அலங்காரப் பெட்டிக்குள் வைத்தால் ரீடர் முறை அதைத் தூக்கி எறியும், சாதாரணப் பத்தியாகக் கட்டுரை உடலுக்குள் இருந்தால் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

மின்னஞ்சல் மடலில் லிங்க் போனால் அறிவிப்பும் மடலுக்குள்ளேயே போக வேண்டும். தளத்தில் இருக்கிறதே என்று விடக் கூடாது.

கேட்பொலி:

யூடியூப் கேள்வி அப்படியே நிற்கிறது. டிஸ்கிரிப்ஷனில் எழுதிவிட்டால் முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். டிஸ்கிரிப்ஷன் மடிந்து கிடக்கும், தட்டினால்தான் விரியும், டிவியில் பார்ப்பவர் அதைத் திறப்பதே அரிது. பரிந்துரை பேச்சிலும் காட்சியிலும் இருந்தால் அறிவிப்பும் இரண்டிலும் இருக்க வேண்டும் என்கிறது எஃப்டிசி. மைக்கைக் கையில் எடுத்து "லிங்க் கீழே இருக்கிறது" என்று சொல்லும் அதே மூச்சில், "அதன் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் வரும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், அந்த நேரம் திரையில் எழுத்தும் வரட்டும். மொபைல் பிளேயரின் பட்டன்களும் வசனவரியும் கீழ்ப்பகுதியை மூடும், ஆகவே எழுத்தை மேல் பாதியில் வையுங்கள்.

நேர அளவை ஏஎஸ்சிஐ எண்ணாகவே கொடுத்திருக்கிறது. 15 விநாடி வரையிலான வீடியோவில் குறி குறைந்தது 3 விநாடி. 15 விநாடிக்கு மேல் 2 நிமிடம் வரை என்றால் வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 90 விநாடி ஷார்ட்ஸுக்கு 30 விநாடி. 2 நிமிடத்துக்கு மேல் என்றால் அந்தப் பிராண்டைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். ஒலி மட்டும் உள்ள பாட்காஸ்ட் என்றால் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் வரும் ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டும்.

யூடியூபிலேயே "கட்டண விளம்பரம் உள்ளது" என்ற டிக் பெட்டி இருக்கிறது. நிறுவனம் காசோ பொருளோ கொடுத்திருந்தால் டிக் செய்யுங்கள், ஆனால் அந்தக் குறி தொடக்கத்தில் சில விநாடிகள் வந்து மறைந்துவிடும். தளங்கள் தரும் இத்தகைய குறி மட்டும் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எஃப்டிசியின் அறிவுரையும்.

ஒலிவாங்கி:

தடுப்பான்தான் காரணம், கிளாஸ் பெயரை மாற்றியதும் தெரிகிறது. கடைசியாக ஒன்று: 140 கட்டுரையிலும் அறிவிப்பைக் கையால் சேர்ப்பதா, தானாக வரவழைப்பதா?

அடிக்குறிப்பு:

தானாகவே. ஆனால் எல்லாக் கட்டுரையிலும் அல்ல. லிங்கே இல்லாத கட்டுரையில் "இந்த லிங்குகள் வழியாக வாங்கினால்" என்று இருந்தால் அது பொய்த் தகவல், வாசகரும் அந்த வரியைப் படிக்காமல் தாண்டப் பழகிவிடுவார். கட்டுரை உடலில் "கோ" முகவரியோ அமேசான் முகவரியோ இருந்தால் மட்டும் முதல் பத்திக்கு முன் அந்த வரியைச் சேர்க்கும்படி, கட்டுரையைக் காட்டும் முன் மாற்ற வேர்ட்பிரஸ் தரும் உள்ளடக்க ஃபில்டரில் சில வரி கோடு எழுதினால் போதும். புதுக் கட்டுரையில் லிங்க் சேர்த்தவுடன் தானாக வரும், லிங்கை எடுத்துவிட்டால் போய்விடும். தாய்த் தீமின் மேல் தனியாக நிற்கும் சைல்டு தீமில் எழுதுங்கள், தாய்த் தீமில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். பட்டனுக்குப் பக்கத்துக் குறியை மட்டும் அட்டவணை பிளாக்கிலேயே நிரந்தரமாகப் பதித்துவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலில் அதிகக் கிளிக் வாங்கும் 20 பக்கங்களிலிருந்து கையால் சரிபார்க்கத் தொடங்குங்கள்.